1930, 40களின் ஹாலிவுட் சாகசத் தொடர்படங்கள் இன்றும் பார்க்கத் தகுந்தவையா?

தாராளமாகப் பாருங்கள், ஆனால் கதையை நம்பிப் போகாதீர்கள். முகமூடி வில்லன், அவன் தேடி அலையும் கருவி, நாயகனோடு பள்ளத்தில் பாயும் கார் என்று எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கதைதான். சனிக்கிழமைப் பகல் காட்சிக்கு வரும் சிறுவர்களுக்காக, வாரம் ஓர் அத்தியாயமாக பெரும்பாலும் 12 முதல் 15 வாரங்கள் ஓடியவை இவை.

என்னைக் கட்டிப்போடுவது அவற்றின் கைவேலை. 1935இல் தொடங்கிய ரிபப்ளிக் என்ற சிறிய ஸ்டுடியோவில் ஹோவர்ட், தியோடர் லைடெக்கர் என்ற சகோதரர்கள் தந்திரக்காட்சிகளை உருவாக்கினார்கள். 1941இல் வந்த ‘அட்வென்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்’ தொடரில் நாயகன் பறக்க வேண்டும். ஆளைவிடச் சற்றே பெரிய காகிதக்கூழ் பொம்மை ஒன்றைச் செய்து, கம்பியில் சறுக்கவிட்டு, திறந்தவெளியில் படம்பிடித்தார்கள். பொம்மைமேல் விழுவது நிஜ வெயில், பின்னால் இருப்பது நிஜ வானம். அது தரையை நெருங்கும் நேரத்தில் காட்சி மாறி, சண்டைக் கலைஞர் டேவ் ஷார்ப் பாய்ந்து வந்து இறங்குவார். பொம்மை, மனிதர் இரண்டையும் நம் கண் ஒன்றாகவே ஏற்றுக்கொள்கிறது. ஏழு ஆண்டுகள் கழித்து கொலம்பியா ஸ்டுடியோ எடுத்த ‘சூப்பர்மேன்’ தொடரில், பறக்கும்போது நாயகன் வெறும் கார்ட்டூன் சித்திரமாக மாறிவிடுகிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் லைடெக்கர்களின் அருமை புரியும்.

சண்டைக் காட்சிகளும் அப்படித்தான். அதற்கு முன்பெல்லாம் கேமராவைத் தூரத்தில் வைத்து எல்லாரையும் ஒரே மூச்சில் புரளவிடுவார்கள், முடிவதற்குள் களைத்துப்போவார்கள். ரிபப்ளிக் இயக்குநர் வில்லியம் விட்னி, நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி நடனங்களைத் துண்டு துண்டாக ஒத்திகை பார்த்துப் படமாக்குவதைக் கண்டு, அதையே சண்டைக்கும் கொண்டுவந்தார். ஒவ்வோர் அடியும் தனித்தனி ஷாட். அதனால்தான் அந்த வேகம்.

குறைகள் உண்டு. செலவைக் குறைக்க, பழைய காட்சிகளையே ஒட்டி ஓர் அத்தியாயத்தை ஒப்பேற்றுவார்கள். போன வாரம் காரோடு விழுந்தவன், இந்த வாரம் அதற்கு முன்பே வெளியே குதித்திருப்பான். கிழக்காசிய மக்களைக் கொடியவர்களாகக் காட்டும் தொடர்களை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

‘கேப்டன் மார்வெல்’ தொடரிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முந்தையதன் முடிவு திரும்ப வருவதால், ஒரே மூச்சில் பார்த்தால் சலித்துவிடும்.