'சாங்ஷன்' ஒப்புதலா, தடையா? 'பைவீக்லி' எத்தனை நாளுக்கு ஒருமுறை?

கேள்வி: ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும் பணியில் இருக்கிறேன். 'சாங்ஷன்' என்பதற்கு ஒப்புதல், தண்டனை என்று நேரெதிரான இரு பொருள்களையும், 'பைவீக்லி' என்பதற்கு வாரம் இருமுறை, இரு வாரங்களுக்கு ஒருமுறை என்ற இரண்டையும் அகராதி தருகிறது. எதைக் கொள்வது?

பதில்: முதல் சொல்லுக்கான விடை பெரும்பாலும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே கிடைத்துவிடும். இலத்தீனில் ஆணையிட்டு உறுதிசெய்வதைக் குறித்த வேரிலிருந்து வந்த சொல் அது. ஆணை என்றால் இசைவும் உண்டு, மீறினால் தண்டனையும் உண்டு என்பதால், இரு பொருள்களும் ஒரே சொல்லில் தங்கிவிட்டன. 1935இல் எத்தியோப்பியாவின் மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக உலக நாடுகள் சங்கம் எடுத்த நடவடிக்கைகளும் இச்சொல்லின் பன்மை வடிவமான 'சாங்ஷன்ஸ்' என்றே அழைக்கப்பட்டன. பன்மையில் வந்து, விதித்தல், நீக்குதல் போன்ற வினைகளோடு சேர்ந்தால் அது தடையே.

வினைச்சொல்லாக வரும்போது செயப்படுபொருளைப் பாருங்கள். செலவு, கடன், திட்டம் போன்றவை அந்த இடத்தில் இருந்தால் ஒப்புதல். நாடு, நிறுவனம், உறுப்பினர் என்றால் தண்டனை அல்லது தடை. 'ஸ்டேட் சாங்ஷன்ட் வயலன்ஸ்' என்ற தொடரில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அரசின் இசைவோடு நடக்கும் வன்முறை என்பதே அதன் பொருளாக இருக்க, 'அரசு தடைசெய்த வன்முறை' என்று எழுதிவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவரே காவலராகிவிடுவார்.

'பைவீக்லி' அப்படியன்று. 'கூட்டம் பைவீக்லி நடைபெறும்' என்ற வரியை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது, ஏனெனில் 'பை' என்ற முன்னொட்டு வாரத்தை இரட்டிக்கிறதா, முறையை இரட்டிக்கிறதா என்பதை ஆங்கிலமே முடிவு செய்யவில்லை. தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. 'வாரமிருமுறை' என்றால் எண் முறையோடும், 'இருவார இதழ்' என்றால் வாரத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே அறிக்கையில் தேதிகள் இருந்தால் இடைவெளியை எண்ணிப் பாருங்கள், இல்லையேல் எழுதியவரையே கேளுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். நீங்களே ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால், பதினான்கு இரவுகள் என்ற பழந்தொடரிலிருந்து பிறந்த 'ஃபோர்ட்நைட்லி' இரு வாரங்களுக்கு ஒருமுறை என்பதை ஐயமின்றிச் சொல்லும். அமெரிக்க வாசகருக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லாத சொல் என்பதால், அவருக்கு 'எவ்ரி டூ வீக்ஸ்' என்றே எழுதிவிடுங்கள்.