லீவு நாளில் வில்லன்

கேள்வி: சண்டையே இல்லாமல், ஒரு வில்லனின் விடுமுறை நாளைக் காட்டும் மங்காவில் (ஜப்பானியக் காமிக்ஸில்) படிக்க என்ன இருக்கிறது?

பதில்: யூ மொரிகாவாவின் ‘மிஸ்டர் வில்லன்ஸ் டே ஆஃப்’ பற்றித்தானே கேட்கிறீர்கள்? எனக்கு ரொம்பப் பிடித்த மங்கா அது. மனித இனத்தையே ஒழிக்க வந்தவர், லீவு கிடைத்தால் பாண்டா பார்க்கப் போய்விடுகிறார். மனிதர்கள் அழிந்தாலும் பாண்டாக்கள் பிழைக்க வேண்டுமாம்! அவரோடு மோதும் ஹீரோக்களான ரேஞ்சர்கள் எதிரே வந்தாலும் சண்டை கிடையாது, இன்று லீவு.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1975 முதலே கலர் கலராக உடை போட்ட ஹீரோ அணிகள் வில்லன்களை அடித்து வந்திருக்கின்றன. அடி வாங்கியவர் அப்புறம் எங்கே போவார், என்ன சாப்பிடுவார்? இந்தக் கதை அங்கேதான் உட்கார்ந்துகொள்கிறது. எந்த ஐஸ்கிரீமை எடுப்பது என்று அவர் யோசிக்கும்போது, உலகத்தை அழிக்கும் அதே தீவிரம் முகத்தில் இருக்கும். 2024 ஜனவரியில் அனிமேவாகவும், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடராகவும் வந்தது. சரி, முதலில் மங்காவையே படியுங்கள். அந்த முகத்தை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.