கைதி வேடத்துக்காக 22 கிலோ இளைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. நாடக நடிகன். உயரம் 174 செ.மீ., எடை 72 கிலோ. இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தொழிலாளியாக ஒரு குறும்படத்தில் நடிக்கப்போகிறேன். 'ரெஸ்க்யூ டான்' படத்தில் போர்க்கைதி வேடத்துக்காக ஹாலிவுட் நடிகர் கிறிஸ்டியன் பேல் இளைத்திருந்ததைப் பார்த்ததிலிருந்து, 8 வாரத்தில் 50 கிலோவுக்கு வந்துவிட வேண்டும் என்று இறங்கிவிட்டேன். பத்து நாளாகக் காலையில் வரக்காபி, மதியம் ஒரு ஆப்பிள், இரவில் ஒரு டம்ளர் ஜூஸ். 5 கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது; இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. கடைசி வாரம் நீர் பிரியும் மாத்திரை போட்டால் கன்னம் நன்றாக ஒட்டிவிடும் என்கிறார் ஜிம் நண்பர். இயக்குநரோ நிஜப் புழுவைத் தின்று காட்டச் சொல்கிறார். இதிலெல்லாம் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. பதிலை முழுதும் படிக்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்றோ நாளையோ பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடம் போய் ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தச் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட், கிரியாட்டினின் ஆகியவற்றைப் பாருங்கள். பத்து நாள் ஏறக்குறைய பட்டினி கிடந்தவருக்குத் தலைசுற்றலும் கெண்டைக்கால் பிடிப்பும் வந்தால் உடலில் நீரும் உப்புகளும் குறைந்திருக்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். நீர் பிரியும் மாத்திரை வேண்டவே வேண்டாம். பொட்டாசியம் ஏற்கெனவே குறைந்திருந்தால் அந்த மாத்திரை அதை இன்னும் இறக்கும். இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். நல்ல உடற்கட்டோடு இருந்த இளைஞர்கள்கூட இப்படிச் சரிந்து விழுவதுண்டு.

அப்புறம் உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்கச் சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். 22 கிலோவை 56 நாளில் கரைக்க, நாள் ஒன்றுக்கு 3,000 கலோரி. உங்கள் உயரமும் எடையும் உள்ள ஒருவர் ஒரு நாளில் செலவழிப்பதே 2,400, 2,500 அளவுதான். அதாவது பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் அவ்வளவு கொழுப்பு கரையாது. மீதி எங்கிருந்து குறையும்? தசையிலிருந்தும் உடல் நீரிலிருந்தும்தான். இதயமும் ஒரு தசை என்பதை ஞாபகத்தில் வையுங்கள். இப்போது குறைந்திருக்கும் 5 கிலோவிலும் கணிசமான பகுதி கொழுப்பல்ல. கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, அதோடு ஒட்டியிருந்த நீர், கொஞ்சம் தசை.

பேல் அந்தப் படத்துக்காக ஏறக்குறைய 25 கிலோ குறைத்தார் என்று அப்போது செய்திகள் வந்தன. அதில் பலர் கவனிக்காமல் விடுவது, இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் படத்தைப் பின்னாலிருந்து முன்னால் எடுத்தார் என்பதை. தாய்லாந்துக் காட்டில், எலும்பும் தோலுமாக வரும் கடைசிப் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டார்கள். படப்பிடிப்பு நகர நகர நடிகர்கள் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டார்கள். உடம்பு மிக நலிந்திருந்த நேரத்தைச் சுருக்கியது அந்தத் திட்டம்தான். காபியும் ஆப்பிளும் என்று நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது, பேலின் இன்னொரு படத்தைப் பற்றி வலம்வரும் கதை என்று நினைக்கிறேன். அவரே பிற்காலத்தில், உடல் எடையோடு இப்படி விளையாடுவதை நிறுத்திக்கொள்வதாகப் பேட்டிகளில் சொன்னார். அதை யாரும் சுவரொட்டி போட்டுப் பரப்புவதில்லை!

அந்தப் படத்தின் உண்மை நாயகன் டீட்டர் டெங்லர், ஜெர்மனியில் பிறந்த அமெரிக்கக் கடற்படை விமானி. 1966 பிப்ரவரி 1 அன்று லாவோஸில் சுட்டு வீழ்த்தப்பட்டார்; ஜூலை 20 அன்று காட்டிலிருந்து மீட்கப்பட்டபோது அவர் எடை சுமார் 44 கிலோ. அது வெறும் பட்டினியில் வந்த எடையல்ல. சிறை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காட்டில் ஓட்டம் எல்லாம் சேர்ந்தது. இத்தனை பாடுபட்டு எடுத்த படத்தைப் பற்றியும், முகாமில் இருந்த இன்னொரு கைதியின் குடும்பத்தார் 'எங்கள் ஆளை இப்படித் தவறாகக் காட்டியிருக்கிறீர்களே' என்று வருந்தினார்கள். நடிகரின் எடை குறைந்ததால் மட்டும் பாத்திரம் உண்மையாகிவிடவில்லை.

பட்டினி உடலை என்ன செய்யும் என்பதற்கு நம்பகமான பதிவு, 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் தொடங்கிய ஆய்வு. ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரம், நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. எடையில் கால் பங்கு போனது. நிமிடத்துக்கு 55 என்றிருந்த நாடித்துடிப்பு 35 வரை இறங்கியது. எப்போதும் குளிர், எரிச்சல், சோர்வு. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு படித்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஆய்வில் 'பட்டினி' என்று கொடுத்த உணவு, இப்போது நீங்கள் ஒரு நாளில் சாப்பிடுவதைப் போலப் பல மடங்கு. இந்த நிலையில் வசனம் மனப்பாடம் ஆகாது, சக நடிகரோடு பொறுமையாக ஒத்திகை பார்க்கவும் முடியாது.

இப்போது உங்கள் வேடத்துக்கு வருவோம். எனக்கு இங்கேதான் சொல்ல நிறைய இருக்கிறது. போர் முகாம்களில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எலும்புக்கூடாக இல்லை. தீட்டிய அரிசியையே தின்று தயமின் (வைட்டமின் பி1) சத்துக் குறைந்ததால் பெரிபெரி வந்தது. அதில் ஒரு வகையில் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும்; மூச்சு வாங்கும். இன்னொரு வகையில் நரம்பு கெட்டுப் பாதம் தொங்கிவிடும். நடக்கும்போது முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். பாத எரிச்சல் இருந்தவர்கள் இரவெல்லாம் தூங்காமல் உலாத்தினார்கள், குளிர்ந்த நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஆறாத புண். மூங்கில் கீறியதில் தொடங்கி எலும்பு தெரியும் வரை போனதும் உண்டு. இருட்டியதும் கண் தெரியாமல் தடவித் தடவி நடந்தவர்களும் இருந்தார்கள். எழுந்திருக்கும்போது இரு கையையும் தொடையில் ஊன்றி எழுவது, யாராவது கூப்பிட்டால் சற்றுத் தாமதித்துத் திரும்புவது, தன் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காதது, வெயிலிலும் தோளைக் குறுக்கி நிற்பது... இவற்றில் எதற்கும் ஒரு கிலோகூடக் குறைய வேண்டாம். வீங்கிய கால்களோடு ஒரு தொழிலாளியை இதுவரை எந்த நடிகர் காட்டியிருக்கிறார்? உங்கள் இயக்குநரிடம் கேளுங்கள்.

எடையும் கொஞ்சம் குறைய வேண்டும் என்றால், வாரம் அரை கிலோ முதல் முக்கால் கிலோ வரை போதும். 8 வாரத்தில் 5 கிலோ அளவு. அதாவது பட்டினி தொடங்கும் முன் இருந்த 72-லிருந்து 67. படப்பிடிப்பை ஒரு மாதம் தள்ளிவைத்தால் 65 வரை போகலாம். அதற்குக் கீழே நான் சம்மதிக்க மாட்டேன். நாளுக்கு 90 கிராம் அளவு புரதம் சேருங்கள்: முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர். சோற்றைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். மீதியை ஒப்பனைக்காரரும் ஒளிப்பதிவாளரும் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு அளவு பெரிய சட்டை, தளர்ந்த இடுப்புக் கயிறு, மேலிருந்து விழும் வெளிச்சம், கன்ன எலும்புக்குக் கீழே கொஞ்சம் கருமை. நலிந்த காட்சிகளை முதல் இரண்டு நாளில் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பட்டினியை முடிக்கும் விதமும் முக்கியம். போர் முடிந்து முகாம்களிலிருந்து வெளியே வந்தவர்களில் சிலர், நல்ல சாப்பாடு கிடைத்த பிறகு இறந்தார்கள். நீண்ட பட்டினிக்குப் பின் மாவுச்சத்து நிறைய உள்ளே போனால் இன்சுலின் ஒரேயடியாகச் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தை உயிரணுக்களுக்குள் இழுத்துவிடும். தயமினும் தீர்ந்துபோகும். இதயம் தடுமாறும், வலிப்பு வரலாம், மூச்சு நிற்கலாம். பத்து நாளுக்குமேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவர்களை இந்த ஆபத்து உள்ளவர்களாகவே மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஆகவே இதைப் படித்ததும் பிரியாணிக் கடைக்குப் போய்விடாதீர்கள். ரத்த முடிவு வரும் வரை கஞ்சி, மோர், பருப்புத் தண்ணீர், ஒரு முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக. தயமின் எந்த அளவு என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும். மயக்கம், படபடப்பு, மூச்சுத் திணறல், கால் வீக்கம், பேச்சில் குழப்பம் இதில் எது வந்தாலும் உடனே 108.

புழுவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் படத்தில் பேல் நிஜமாகவே தின்றார் என்று சொல்வார்கள். புழுவைவிட அது ஊர்ந்த அழுகல்தான் மோசம். அதிலிருக்கும் கிருமி கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். உப்புகள் ஏற்கெனவே குறைந்த உடம்புக்கு அது தாங்காது. பச்சை நத்தை வேண்டும் என்று இயக்குநர் அடுத்துக் கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அதிலிருக்கும் ஒரு வகைப் புழு மூளை உறையைத் தாக்கும். வேகவைத்த சேமியாவைத் துண்டுதுண்டாக நறுக்கித் தட்டில் போட்டால் போதும், கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது.