தம்பியும் சக்கர நாற்காலியும் – கடிதம்

வணக்கம் ஐயா,

மும்பை ஆன்டாப் ஹில்லில் வசிக்கிறோம். பூர்வீகம் தென்காசிப் பக்கம். பெயின்டர் வேலை பார்த்த என் தம்பி இரண்டு வருடங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டான். வயது 28. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, கைகள் நன்றாக இருக்கின்றன. அன்றிலிருந்து கட்டில்தான் கதி. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அம்மா. சக்கர நாற்காலி வாங்கலாம் என்றால், “அதில் உட்கார்ந்துவிட்டால் பிள்ளை நடக்கவே மாட்டான்” என்று அழுகிறார். இப்போது ஒருவர் ஸ்டெம்செல் (குருத்தணு) ஊசி போட்டால் எழுந்து நடப்பான் என்கிறார். ஊர் வீட்டை விற்கலாமா என்று பேச்சு நடக்கிறது. தம்பி எதற்கும் வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டை விற்காதீர்கள். முதுகுத்தண்டு பாதிப்புக்கு ஸ்டெம்செல் ஊசி இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இத்தகைய சிகிச்சை அளிப்பதை ஏற்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு நடக்க வைப்பேன் என்பவரிடம், எந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பேச்சை மாற்றுவார்.

உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் பயப்பட வேண்டியது கட்டிலைப் பார்த்துத்தான். படுத்தே கிடந்தால் மூட்டுகள் மடங்கி இறுகும், எலும்பு மெலியும், முதுகும் பிட்டமும் புண்ணாகும். நாற்காலி யாருடைய நடையையும் பறித்ததில்லை. இன்னொன்று, கைகள் நன்றாக இருக்கிற 28 வயதுக்காரனுக்கு எதற்கு ஊட்ட வேண்டும்? கோபித்துக்கொள்ளாதீர்கள். தட்டை அவன் மடியில் வையுங்கள். அவன் வாய் திறக்காததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். ஊசியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் அவனிடம் யாராவது கேட்டார்களா?

மும்பையிலேயே ஹாஜி அலி அருகில் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் 1955 முதல் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம். அங்கே காட்டுங்கள். எவ்வளவு மீளும், எது மீளாது என்பதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்ற சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் எடுத்துவிட்டால் அரசு உபகரண உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

நாற்காலியை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்க்கிற அகலமான நாற்காலி, பின்னால் ஒருவர் தள்ளுவதற்கானது. தானே ஓட்டுகிறவனுக்கு அளவெடுத்தாக வேண்டும். இடுப்பின் அகலத்தைவிட ஓரங்குலம் கூடுதல் போதும். நிமிர்ந்து உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி பெரிய சக்கரத்தின் அச்சைத் தொட வேண்டும். அடியில் நல்ல மெத்தை கட்டாயம். உணர்வில்லாத இடத்தில் புண் வந்தால் அவனுக்குத் தெரியாது. ஆகவே கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கிப் பழக வேண்டும். இரவில் ஒரு கண்ணாடியை வைத்து அவனே பார்த்துக்கொள்ளட்டும். கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருந்தால், நடுவே ஒரு வழவழப்பான பலகையைப் போட்டு நகர்ந்து மாறலாம். கட்டில் உயரமாக இருந்தால் அதன் கால்களை அறுத்துவிடுங்கள். வீட்டை விற்பதைவிட இது சுலபம்.

இதையெல்லாம் சொல்கிறவர்கள்கூட ஒன்றைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். நாற்காலி இருந்தும் பலர் வெளியே போகாததற்குக் காரணம் சிறுநீர். நனைந்துவிடுமோ என்ற பயம். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைத் தானே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை மறுவாழ்வு மையங்களில் கற்றுத்தருகிறார்கள். கைகள் வேலை செய்பவர் கற்றுக்கொள்ளலாம். தொற்று குறையும், சிறுநீர் சேரும் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். என்னைக் கேட்டால் நாற்காலிக்கும் முந்தைய பாடம் இது. அம்மா முன்னால் வேண்டாம், தம்பி தனியாகக் கற்கட்டும்.

உங்கள் கட்டடத்தில் லிஃப்டுக்கு முன்னால் படிகள் இருக்கும் என்று ஊகிக்கிறேன், மும்பையில் பெரும்பாலும் அப்படித்தான். சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். ஆறங்குலப் படிகள் மூன்று என்றால் பதினெட்டடி. குடியிருப்பை நிர்வகிக்கும் சொசைட்டி இழுத்தடித்தால் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதுவரை, நாற்காலியின் முதுகைப் படிப்பக்கம் திருப்பி, பின்னால் சாய்த்து, பெரிய சக்கரங்களை முதலில் ஏற்ற வேண்டும். முன்னால் நிற்பவர் நாற்காலியின் சட்டகத்தைப் பிடிக்க வேண்டும். கழன்று வரக்கூடிய கைப்பிடியையோ காலடிப் பலகையையோ பிடித்தால் ஆள் கீழே விழுவார்.

தெருவுக்கு வந்த பிறகு இன்னொன்று யோசிக்கலாம். சென்னை ஐஐடியில் உருவாகி 2021 இல் வெளிவந்த நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பை அதற்கான நாற்காலியின் முன்னால் மாட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம். வேலைக்குப் போகிறவனுக்குத்தான் அது. வேலை என்னவென்று அவன் தீர்மானிக்கட்டும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 இல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சைகள் செய்தார். 1966 இல் அங்கு மறுவாழ்வு நிலையம் தொடங்கியது அவரால்தான். உங்கள் ஊர்ப்பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். முதுகுத்தண்டு பாதித்தவர்களுக்கான மையமும் அங்கே உண்டு. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது தம்பியை அங்கே அழைத்துச் செல்லுங்கள். துணையின்றிப் பயணம் செய்ய முடியாதவர் என்ற ரயில்வே சலுகைச் சான்றிதழ் இருந்தால் ஸ்லீப்பரில் அவனுக்கும் துணைக்கு வருபவருக்கும் 75 சதவீதம் கட்டணச் சலுகை கிடைக்கும். துணையாக அம்மாவையே அனுப்புங்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களை அவர் நேரில் பார்க்க வேண்டும்.