ஒரே தொட்டியில் வேட்டை மீன்கள்

கேள்வி: 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் இரண்டு ஒஸ்கார் மீன்களையும் ஒரு பிளவர்ஹோர்னையும் வளர்க்கிறேன். சிறு வயதில் ஒற்றுமையாக இருந்தவை இப்போது ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. என்ன செய்யலாம்? (வாசகர், கோண்டாவில்)

பதில்: முதலில் பிளவர்ஹோர்னை இன்றே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். வளர்ந்தபின் தொட்டி முழுவதையும் தன் எல்லையாகக் கருதும் அம்மீனைத் தனியே வளர்ப்பதே நல்லது. ஒஸ்காரோ 30 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியது. ஏறத்தாழ 250 லீற்றர் கொள்ளும் உங்கள் தொட்டி இரண்டு ஒஸ்கார்களுக்கே நெருக்கமானது. செதில் உதிர்ந்து, வால் கிழிந்து, மூலையில் தலைகீழாகச் சாய்ந்து நிற்கும் மீனைக் கண்டால் சமாதானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நம் யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறும் இந்நீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அத்தகைய நீரில், அதிகம் உண்டு அதிகம் கழிக்கும் இம்மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா மேலும் நஞ்சாகிறது. ஆகவே வடிகட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரையாவது மாற்றுங்கள்.

ஒஸ்கார்கள் இரண்டும் தொடர்ந்து மோதினால், கற்களின் இடத்தை மாற்றி வைத்து, உணவை இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் இடுங்கள். உயிருள்ள தங்கமீன்களை இரையாகப் போடுவது நோயைக் கொண்டுவரும், தவிர்த்துவிடுங்கள்.