சும்மா கிடந்த பேட்டரி ஏன் காலியாகிறது?

கேமரா: வாசகர் கேள்வி – பதில்

கே: தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் படம் எடுத்துவிட்டு வந்து, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து கேமராவிலேயே போட்டு வைத்தேன். தீபாவளிக்கு எடுத்தால் கேமரா எழவே இல்லை. சார்ஜரில் வைத்தால் ஆரஞ்சு விளக்கு படபடவென்று மின்னுகிறது. கேனன் கேமரா, எல்பி-ஈ6 பேட்டரி. "போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர். வேறு வழியே இல்லையா?
– வாசகர், பட்டர்வொர்த்

ப: வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். விளக்கு ஒரே சீராக வேகமாக மின்னினால், பேட்டரியோடு சார்ஜருக்குத் தொடர்பு கிடைக்கவில்லை அல்லது பாதுகாப்பு மின்சுற்று சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். பேட்டரியின் உலோக முனைகளையும் சார்ஜரின் முனைகளையும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். பேட்டரியைத் திரும்பப் பொருத்தி, 2, 3 நிமிடம் கழித்துப் பிளக்கைச் சொருகுங்கள். நண்பர் யாரிடமாவது இதே சார்ஜர் இருந்தால் அதிலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். பல பேட்டரிகள் இதிலேயே பிழைத்துவிடும்.

அப்படியும் ஏறாவிட்டால், மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, + – குறியிட்ட முனைகளில் அளந்து பாருங்கள். இந்தப் பேட்டரிக்குள் இரண்டு செல் தொடராக இருக்கின்றன. முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும், பாதியில் ஏறக்குறைய 7.5. ஆறுக்குக் கீழே போனால் காலி. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால், செல் அளவு மீறி இறங்கியதால் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்திருக்கிறது. அந்த நிலையில் இன்னொரு பேட்டரியிலிருந்து கம்பி போட்டு "எழுப்பும்" வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். லித்தியம் செல்லின் மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செப்பு வேறு இடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். தீப்பிடிப்பது அப்படித்தான்.

சரி, சார்ஜ் எங்கே போனது? பெரும்பகுதியைக் குடித்தது உங்கள் கேமரா. நல்ல லித்தியம்-அயன் பேட்டரி தனியாகக் கிடந்தால் மாதத்துக்கு 2, 3 சதவீதம்தான் இழக்கும். ஆனால் சுவிட்சை அணைத்தாலும் கேமரா முழுதாக உறங்குவதில்லை, சிறு மின்னோட்டம் போய்க்கொண்டே இருக்கும். புளூடூத், ஜிபிஎஸ் உள்ள மாடல்களில் இது இன்னும் அதிகம். கேனன் 6டி-யில் ஜிபிஎஸ்ஸை ஆன் செய்து மறந்துவிட்டால், கேமராவை அணைத்த பிறகும் அது செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டே இருக்கும். நிக்கானில், கேமராவைக் கைப்பேசியோடு இணைக்கும் ஸ்னாப்பிரிட்ஜ் அமைப்புக்குள் 'சென்ட் வைல் ஆஃப்' என்றொரு வரி உண்டு, அதை அணையுங்கள். கேனனின் சில மாடல்களில் அதே வேலையைச் செய்வது 'ஸ்டே கனெக்டட் இஃப் ஆஃப்'.

குற்றவாளி கேமராவா பேட்டரியா என்று உறுதி செய்ய, முழுச் சார்ஜ் செய்த பேட்டரியை ஒரு வாரம் மேசை இழுப்பறையில் வைத்து, சதவீதத்தைப் பாருங்கள். மறுபடி முழுச் சார்ஜ் செய்து, அடுத்த வாரம் அணைத்த கேமராவுக்குள் விடுங்கள். இழுப்பறையிலேயே 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. கேமராவுக்குள் மட்டும் இறங்கினால் மேலே சொன்ன அமைப்புகளைத் தேடுங்கள்.

இனி அடுத்த விழாவரை கேமரா சும்மா இருக்கும் என்றால் பேட்டரியைக் கழற்றிப் பாதிச் சார்ஜில் வையுங்கள். முழுச் சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் செல் சீக்கிரம் கெடும். மதியம் வெயிலில் நிறுத்திய காருக்குள் கேமராப் பையை விடுவதைவிடப் பேட்டரிக்குக் கெடுதல் வேறில்லை. பாதி என்பதை எப்படி அறிவது? உங்கள் எல்சி-ஈ6 சார்ஜரின் விளக்கே சொல்லும். விநாடிக்கு ஒருமுறை மின்னினால் 50 சதவீதத்துக்குக் கீழே, இரண்டுமுறை என்றால் 50 முதல் 74 வரை, மூன்றுமுறை என்றால் 75-க்கு மேல். இரண்டுமுறை மின்னத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, இறங்கியிருந்தால் பாதிக்கு ஏற்றி வையுங்கள்.

கே: பேட்டரியைக் குளிர்பெட்டியில் வைத்தால் சார்ஜ் இறங்காது என்கிறார்களே?
– வாசகி, செந்தூல்

ப: குளிரில் இழப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் கோலாலம்பூர்க் காற்றில் குளிர்ந்த பொருளை வெளியே எடுத்த மறுநிமிடமே அதன்மேல் நீர்த்துளி பூக்கும். மாதம் 2, 3 சதவீதத்தைக் காப்பாற்றப் போய் முனைகளில் துரு ஏற விட வேண்டாம். லென்சுக்கு வைத்திருக்கும் டிரை கேபினெட்டின் (ஈரம் அண்டாத பெட்டி) ஒரு மூலை போதும். முனைகளை மூடும் பிளாஸ்டிக் மூடியைத் தொலைத்துவிடாதீர்கள். சாவி, சில்லறையோடு பையில் போட்டால் ஷார்ட் ஆகும்.

கே: நீங்கள் சொல்கிறபடி பேட்டரியைக் கழற்றித்தான் வைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம் அழிந்துவிடுகிறது.
– வாசகர், கிள்ளான்

ப: கழற்றி வைப்பதற்குக் கொடுக்கும் விலை அது. கேமராவின் கடிகாரத்துக்கென்று உள்ளே ஒரு சிறு செல் இருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் அது முதன்மைப் பேட்டரியிலிருந்துதான் சார்ஜ் வாங்கும். விழாவுக்கு இரண்டு நாள் முன்பே சார்ஜ் உள்ள பேட்டரியைப் போட்டு, கேமராவை அணைத்தே வையுங்கள், அந்தச் செல் நிரம்பிவிடும். பிறகு நேரத்தைச் சரிசெய்யுங்கள். அப்படிச் செய்தும் ஓரிரு நாளில் நேரம் அழிந்தால் உள் செல் தேய்ந்துவிட்டது, சர்வீஸ் சென்டரில்தான் மாற்ற வேண்டும். கேனன் 40டி போன்ற பழைய மாடல்களில் சிஆர்2016 பட்டன் செல்லை நீங்களே மாற்றலாம்.

கே: ஃப்ளாஷுக்குப் போடும் ரீசார்ஜபிள் ஏஏ பேட்டரிகள் ஒரே மாதத்தில் காலி. என்ன வாங்கலாம்?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

ப: சாதாரண நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்லின் இயல்பு அது. 2005-இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் போல, தன்னிழப்பு (சும்மா கிடக்கும்போது தானாக இறங்கும் சார்ஜ்) குறைந்த வகையை வாங்குங்கள். கடையில் பாக்கெட்மேல் 'ரெடி டு யூஸ்' என்றிருக்கிறதா பாருங்கள். நான்கையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே தொகுதியாகவே பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தால் மற்ற மூன்றும் அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்து கெடுத்துவிடும். ஆல்கலைன் செல்லை ஃப்ளாஷுக்குள் மாதக்கணக்கில் விடவே விடாதீர்கள், கசிந்து முனைகளை அரித்துவிடும்.

கே: பழைய பேட்டரி ஒன்று உப்பி, கேமராவுக்குள் இறுக்கமாகப் போகிறது.
– வாசகி, பத்துமலை

ப: இன்றோடு நிறுத்துங்கள். சார்ஜரிலும் வைக்காதீர்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, எரியும் பொருள் இல்லாத இடத்தில் தனியே வைத்து, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். குப்பை லாரியின் அழுத்தத்தில் நசுங்கினால் தீப்பிடிக்கும் என்பதால் வீட்டுக் குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.