கருங்காக்கட்டூக்களில் எத்தனை வகை உண்டு, அவை எங்கே வாழ்கின்றன?

காக்கட்டூ என்பது தலையில் கொண்டையுள்ள கிளி வகை. அதில் ஆஸ்திரேலியாவுக்கே உரிய கருங்காக்கட்டூ இனங்கள் ஐந்து. செவ்வால், பளபளப்பு, மஞ்சள்வால், கார்னபி, பாடின் என அவற்றைப் பிரிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடகோடியான கேப் யார்க் முனையிலும் நியூ கினியிலும் வாழும் பனைக் காக்கட்டூவும் கருநிறமே. ஆனால் அது தனிப் பேரினம்.

வால் நிறத்தைவிட, எதைத் தின்கிறது என்பதே வாழிடத்தைப் புரிந்துகொள்ள நல்ல வழி என்பேன். கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் கங்காரு தீவிலும் உள்ள பளபளப்புக் கருங்காக்கட்டூ, நம் கடற்கரைச் சவுக்கின் உறவு மரங்களை ஏறத்தாழ முழுமையாகவே நம்பியிருக்கிறது. பெரும்பாலும் இடது காலால் காயைப் பிடித்து, அலகால் சிறிது சிறிதாகப் பிய்த்து, உள்ளிருக்கும் நுண்ணிய விதைகளை உண்ணும். மரத்தடியில் சிதறிக் கிடக்கும் காய்த்துணுக்குகளே அது வந்துபோனதற்கு அடையாளம்.

தென்மேற்கு மூலையில் மட்டும் வாழும் கார்னபியும் பாடினும் வெண்வால் கொண்டவை. பார்வைக்கு இரட்டையர் போலிருந்தாலும், யூகலிப்டஸ் உறவான மர்ரி மரத்தின் காயைக் குடைய ஏற்ற நீண்ட மெல்லிய அலகு பாடினுக்கும், பாங்க்சியா எனும் ஆஸ்திரேலியத் தாவரத்தின் காய்களை உடைக்கும் குட்டையான அகன்ற அலகு கார்னபிக்கும் அமைந்திருக்கின்றன.

தென்கிழக்கின் மஞ்சள்வால், விதைகளோடு மரத்தைப் பிளந்து புழுக்களையும் தின்னும். செவ்வால் வடக்கே பரவலாக உள்ளது.

இந்த ஐந்தும் முதிய மரங்களின் பொந்துகளில்தான் முட்டையிடுகின்றன. யூகலிப்டஸ் மரத்தில் அத்தகைய பெரிய பொந்து உருவாக நூறாண்டுக்கு மேல் ஆகும் என்பதால், வெட்டிய காட்டில் கன்று நட்டாலும் கூட்டுக்கான இடம் உடனே திரும்புவதில்லை.